வேகக் காரும் வீட்டு வரவு செலவும்

சுண்டங்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எமது முன்னோர் கூறி வைத்தனர். ரொறன்ரோ மாநகரில் வளர்ந்து வரும் எமது பிள்ளைகள் பலருக்கு இப்பழமொழி தெரியாது. தெரிந்த பெற்றோருக்கோ அதனைப் பிள்ளைகள் முன்னிலையில் எடுத்துச் சொல்லும் துணிவு இல்லை. எமது வீட்டு வாசல்களில் வந்து நிற்கும் வேகக் கார்களைப் பற்றியும், அவற்றைப் பேணுவதற்கு வேண்டிய பணத்தைப் பற்றியும் இங்கு சில வார்த்தைகள் கூற விழைகின்றோம்.

காரை விரும்புவது குற்றமெனக் கூறுவது எமது நோக்கமன்று. கிழமையில் ஐந்து நாளும் பண்டகசாலையில் பெட்டி தூக்கும் ஓர் இளைஞன், தன் கையால் உழைத்த பணத்தில் அழகிய இயந்திரம் ஒன்றை வாங்கி ஓட்ட ஆசைப்படுவது இயல்பே. அவ்வாசையை ஏளனம் செய்யும் பெரியவர்களோடு நாம் உடன்படவில்லை. எமது வாதம் வேறு. காரின் விலையை எண்ணிப் பார்க்கும் எம்மவர், காரை வைத்திருக்கும் விலையை எண்ணிப் பார்ப்பதில்லை. இதனால் நொடிந்து போவது இளைஞன் மட்டுமன்று, அவனோடு சேர்ந்து ஒரு முழுக் குடும்பமும் நொடிந்து போகின்றது.

எமக்கு நெருக்கமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்கின்றோம். தந்தையார் 1989இல் அகதியாக இந்நாட்டுக்கு வந்தவர். இன்றும் இரவு வேலை செய்பவர். தாயார் சீட்டுக் கட்டிச் சேர்ப்பவர். இருபத்திரண்டு வயது மகன் ஜேர்மனியத் தயாரிப்பான வேகக் கார் ஒன்றை 16,000 டொலருக்கு வாங்கினான். எட்டு வருடப் பழைய கார். புதிதாக விற்கப்பட்டபோது அதன் விலை 60,000 டொலருக்கு மேல். "கால் விலைக்குக் கிடைத்தது" என்று வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பதின்மூன்று வீத வரியோடு 18,080 டொலர் ஆயிற்று. தாயார் சீட்டை எடுத்து அதில் பாதியைக் கொடுத்தார்.

கார் வைகாசியில் வந்தது. கார்த்திகைக்குள் மூன்று தடவை கராஜுக்குப் போயிற்று. முதல் இரண்டு பற்றுச்சீட்டுகளையும் மகன் கடனட்டையிற் போட்டுவிட்டு எவருக்கும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை கடனட்டையில் இடமில்லை. பணம் செலுத்தாமல் காரைத் தர முடியாது என்றனர். ஒன்ராறியோச் சட்டத்தின்படி செய்த வேலைக்குரிய பணம் கிடைக்கும் வரை வாகனத்தைத் தடுத்து வைக்கக் கராஜுக்கு உரிமை உண்டு. அப்போதுதான் தந்தையாருக்குச் செய்தி தெரிந்தது. மகளின் பல்கலைக்கழகக் கட்டணத்துக்கென வைத்திருந்த பணம் பிறேக்குக்கும் ரயருக்கும் போயிற்று. அன்றிரவு மகன் சொன்ன வார்த்தைகள் எம் காதில் இன்றும் நிற்கின்றன: "கார் வாங்கத்தான் நான் காசு சேர்த்தனான் அப்பா. அதை வைச்சிருக்கவும் காசு வேணுமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

உண்மைதான். ஒருவரும் சொல்லவில்லை. விற்பவர் சொல்ல மாட்டார், நண்பர்களுக்குத் தெரியாது, பெற்றோர் கேட்கவில்லை.

பழைய வேகக் கார் ஒன்றை வாங்குவோர் முதலில் மனத்திற் பதிக்க வேண்டியது இதுவே: காலம் செல்லச் செல்லக் காரின் விலை இறங்கும், அதன் உதிரிப்பாகங்களின் விலை இறங்காது. 60,000 டொலர்க் காருக்கெனச் செய்யப்பட்ட பிறேக் தட்டு, அக்கார் 16,000 டொலருக்குக் கைமாறிய பின்னும் 60,000 டொலர்க் காரின் பிறேக் தட்டாகவே இருக்கும். அது மட்டுமன்றி, முதல் உரிமையாளர் அக்காரை விற்ற காலம் எது என்பதையும் சிந்திக்க வேண்டும். பெரும்பாலும் உற்பத்தியாளரின் உத்தரவாதம் முடிந்து, பெரிய செலவுகள் தொடங்கும் காலம் அதுவாகவே இருக்கும். மலிவாகக் கிடைப்பதன் காரணம் அங்கேதான் உள்ளது.

எமது சமூகத்துக்கு இவ்விடயத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. எதையும் திருத்தி ஓட்டலாம் என்னும் நம்பிக்கை எம் இரத்தத்தில் ஊறியது. யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ 40 கார்களும் மொறிஸ் மைனர்களும் எத்தனை தசாப்தங்கள் ஓடின என்பது எம் வயதினருக்குத் தெரியும். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிய நாட்களில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் அக்கார்களை ஓட வைத்த எமது மெக்கானிக்குகள் மேதைகளே. வீதியெங்கும் வீசிய அந்தப் புகை மணத்தை மறக்க இயலுமா? ஆனால் அது சாத்தியமானதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த எஞ்சின்களின் அமுக்கம் குறைவு. தாழ்ந்த தர எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. இன்றைய ரேர்போ எஞ்சின் அவ்வாறன்று. உயர்ந்த அமுக்கத்தில் இயங்கும் அதற்கு 91 ஒக்ரேன் பிறீமியம் பெற்றோல் வேண்டும். தரங்குறைந்த பெற்றோலை ஊற்றினால் எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்ள வலுவைக் குறைத்துக்கொள்ளும். சிக்கனம் எனக் கருதியது வீணாகும். இந்நகரில் பிறீமியம் பெற்றோல் சாதாரண பெற்றோலிலும் லீற்றருக்கு இருபது சதத்துக்குக் குறையாமல் அதிகம் என்பதையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் இளைஞராயிருந்தோர்க்கும் இதே மயக்கம் உண்டு. அக்காலத்தில் எமது பெடியன்கள் ஹொண்டா சிவிக்கையும் அக்கியூரா இன்ரெக்ராவையும் தாழ இறக்கி, பெரிய சைலன்சர் பூட்டி ஓடித் திரிந்தனர். அவர்கள் இன்று தந்தையர். "நாங்களே பார்க்கிங்கில் வைத்துத் திருத்தினோம்" என்று மகனுக்கு ஊக்கமளிப்போரும் அவர்களே. ஒன்ராறியோவின் அலிஸ்ரனில் ஹொண்டா தொழிற்சாலை 1986 முதல் இயங்குகின்றது. சிவிக் இங்கு எங்கும் மலிந்த கார். உடைப்பகங்களில் அதன் பாகங்கள் தாராளமாகக் கிடைத்தன. எளிய எஞ்சின். அப்படியிருந்தும் அன்று எத்தனை பேர் ரைமிங் பெல்ற்றை உரிய காலத்தில் மாற்றாமல் எஞ்சினையே இழந்தனர் என்பதை அவர்கள் மகனுக்குச் சொல்வதில்லை! இன்ரெக்ராவின் எஞ்சினில் அந்த இறப்பர்ப் பட்டி அறுந்தால் வால்வுகளும் பிஸ்ரன்களும் ஒன்றோடொன்று மோதும். அதனை ஏறக்குறைய 145,000 கிலோமீற்றருக்கு அல்லது ஆறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுமாறு உற்பத்தியாளர் கூறியிருந்தார். சில நூறு டொலர் வேலை. அதனைத் தள்ளிப்போட்டவர்கள் எஞ்சினுக்குரிய விலையைக் கொடுத்தனர்.

இன்றைய வேகக் கார் அதனிலும் நுணுக்கமானது. ஓர் உதாரணம் மட்டும் சொல்வோம். பெற்றோலை நேரடியாக எரியறைக்குள் செலுத்தும் எஞ்சின்களில், உள்ளெடுக்கும் வால்வுகளின் மேல் பெற்றோல் பட்டுக் கழுவுவதில்லை. ஆகவே நாளடைவில் அங்கு கரி படிகின்றது. அதனைப் போக்க, வால்நட் கோதை நொறுக்கிய தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்கின்றனர். கோதுத் தூளுக்கு விலையில்லை. எஞ்சினின் மேற்பகுதியைக் கழற்றிப் பூட்டும் மணித்தியாலங்களுக்கே விலை. வேகக் கார்களில் எல்லாம் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால், ஒரு சிறு இறப்பர் வளையத்தை மாற்றுவதற்கும் பாதி எஞ்சினைக் கழற்ற நேரிடும்.

ரயர் விடயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்; எம்மவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். வேகக் காருக்குரிய கோடைகால ரயர் மென்மையான இறப்பரால் ஆனது. வீதியைப் பற்றிப் பிடிக்கும், விரைவில் தேயும். ஏழு பாகைக்குக் கீழே வெப்பநிலை இறங்கினால் அந்த இறப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். கடுங்குளிரில் ஓட்டினால் வெடிக்கவும் கூடும். ஆகவே ரொறன்ரோவில் வேகக் கார் வைத்திருப்பவனுக்கு இரண்டு தொகுதி ரயர்கள் கட்டாயம். கியூபெக் மாகாணத்தைப் போல இங்கு சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, பனிதான் கட்டாயப்படுத்துகின்றது. பனிக்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு தர வேண்டும் என்பது ஒன்ராறியோவில் 2016 தை மாதம் முதல் விதி. கேட்டுப் பெறாதவர்கள் எம்மிடையே பலர் உள்ளனர்.

பல வேகக் கார்களில் பின் ரயர் முன் ரயரிலும் அகலமானது. அவற்றை முன்பின் மாற்றிப் பூட்டித் தேய்மானத்தைச் சமன் செய்ய இயலாது. நான்கு சில்லுகளும் இழுக்கும் கார்களிலோ நான்கு ரயர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று ஆணி குத்தித் திருத்த முடியாமற் போனால் நான்கையும் வாங்க நேரலாம். மாசி, பங்குனி மாதங்களில் இந்நகர வீதிகளில் தோன்றும் குழிகளைப் பற்றி யாம் சொல்லத் தேவையில்லை. ரயரின் பக்கச்சுவர் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு எளிதில் சில்லு வளையும். குழியினால் சேதமுற்றோர் மாநகரசபையிடம் இழப்பீடு கோரலாம். ஆனால் சம்பவம் நடந்து பத்து நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கிடைக்குமென்பது நிச்சயமன்று. அறிவிக்காவிடில் கிடையாதென்பது நிச்சயம்.

இனி அந்தக் குடும்பத்தின் கணக்குக்கு வருவோம். தந்தையாரும் நாமும் சமையலறை மேசையிலிருந்து ஒரு வருடத்துக்குரியதை எழுதினோம். எண்ணெய் மாற்றம் இரண்டு தடவை, 320 டொலர். பனிக்கால ரயர் 1,800 டொலர் நான்கு பனிக்காலம் உழைக்குமெனக் கொண்டால் வருடத்துக்கு 450. கோடை ரயர் 1,400 டொலர் இரண்டு கோடைக்கு எனின் 700. இரு தடவை மாற்றிப் பூட்ட 200. பிறேக் பாட்களும் தட்டுகளும் நான்கு சில்லுக்கும் 1,600 டொலர்; இரண்டு வருடத்துக்கெனின் வருடத்துக்கு 800. மற்றைய எண்ணெய் வகைகள், பிளக், வடிகட்டிகள் சேர்த்து 500. வீதி உப்பினால் துருப்பிடிக்காமல் எண்ணெய் தெளிக்கவும் கழுவவும் 180. எதிர்பாராத பழுதுக்கு ஒதுக்கீடு 1,500. ஆக மொத்தம் 4,650 டொலர். மாதமொன்றுக்கு 390க்குச் சற்றுக் குறைவு. பெற்றோல், காப்புறுதி, கடன் தவணை ஆகிய மூன்றும் இதற்குள் அடங்கா.

ஒன்ராறியோவின் ஆகக்குறைந்த ஊதியம் 2024 ஒக்ரோபரில் மணிக்கு 17 டொலர் 20 சதமாக்கப்பட்டது. அந்த வீதத்தில் 4,650 டொலர் என்பது 270 மணித்தியால உழைப்பு. கிழமைக்கு நாற்பது மணித்தியாலமாக ஏறக்குறைய ஏழு கிழமைகள், அதுவும் வரி கழிக்கு முன். அத்தொகையைத் தாளில் எழுதி அடிக்கோடிட்டபோது தந்தையார் எதுவும் பேசவில்லை. எதிர்பாராத செலவுக்கு 1,500 அதிகம் என்று மகன் வாதித்தான். அவனது மூன்று பற்றுச்சீட்டுகளையும் அருகில் வைத்தோம்.

காப்புறுதி பற்றி இன்னொரு கட்டுரையே எழுதலாம். ஆயினும் ஒன்றைக் கூறாமல் விட முடியாது. இளம் சாரதிக்குக் கட்டணம் மிக அதிகம் என்பதால், காரைத் தந்தையின் பெயரில் பதிந்து, பிரதான சாரதி தந்தையே என்று எழுதிக் கொடுக்கும் வழக்கம் எம்மிடையே பரவலாக உள்ளது. தரகர் சொன்னார், எல்லோரும் செய்கின்றனர் என்பர். நாளாந்தம் ஓட்டுபவன் மகனாயின் அது பொய்த் தகவல். காரின் எஞ்சினையோ புகைக்குழாயையோ மாற்றியமைத்துவிட்டு நிறுவனத்துக்கு அறிவியாமலிருப்பதும் அவ்வாறே. விபத்தின் பின் உண்மை வெளிப்பட்டால் உங்கள் காருக்குரிய நட்டஈட்டை மறுப்பதற்கு நிறுவனத்துக்கு வழியுண்டு. ஒப்பந்தத்தையும் இரத்துச் செய்யலாம். அதன்பின் அக்குடும்பத்தில் காப்புறுதி பெறுவதே பெரும்பாடு. வேலைக்குப் போகும் தந்தையின் பழைய ரொயோட்டாவுக்கும் சேர்த்துத்தான் இந்நிலை. வாங்கிய விலையைக் குறைத்து எழுதி வரியை மிச்சம்பிடிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தனியாரிடம் வாங்கும் பழைய காருக்கு, எழுதிய விலை, மொத்த வியாபாரப் பெறுமதி ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே ஒன்ராறியோவில் வரி அறவிடப்படும்.

வேகத்தின் விலையும் பராமரிப்புக் கணக்கின் ஒரு பகுதியே. 80 கிலோமீற்றருக்குக் குறைந்த வேக எல்லை உள்ள வீதியில் எல்லையை 40 கிலோமீற்றரால் மீறினால், 2021 ஆடி முதல் அது சாகச ஓட்டமெனக் கொள்ளப்படுகின்றது. 80உம் அதற்கு மேலும் உள்ள வீதிகளில் 50. கார் பதினான்கு நாட்கள் தடுத்து வைக்கப்படும். சாரதி அனுமதிப்பத்திரம் அவ்விடத்திலேயே முப்பது நாட்களுக்குப் பறிபோகும். இழுத்துச் செல்லும் கூலியும் நிறுத்தி வைக்கும் கூலியும் உரிமையாளரின் தலையில். உரிமையாளர் பெரும்பாலும் தந்தை. குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டால் தண்டம் 2,000 டொலரிலிருந்து தொடங்குகின்றது. அபாயகரமாக ஓட்டியமைக்காகக் குற்றவியற் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டால் நிலைமை வேறு. 2018 மார்கழியில் அக்குற்றத்துக்குரிய உச்சத் தண்டனை பத்து வருடமாக உயர்த்தப்பட்டது. இன்னும் குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளர் ஒருவர் அதில் தண்டிக்கப்பட்டால் இந்நாட்டில் வாழும் உரிமையே கேள்விக்குள்ளாகலாம். அகதியாக வந்த குடும்பங்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

கராஜுக்குப் போகும்போது எமக்குள்ள உரிமைகளையும் அறிந்திருத்தல் நன்று. ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வேலை தொடங்கு முன் எழுத்திலான மதிப்பீடு கேட்கலாம். மதிப்பீட்டைப் பத்து வீதத்துக்கு மேல் தாண்டிப் பணம் அறவிட முடியாது. 1,000 டொலரென எழுதித் தந்தால் 1,100க்கு மேல் கேட்க இயலாது. கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்கலாம். புதிய பாகங்களுக்கும் செய்த வேலைக்கும் குறைந்தது தொண்ணூறு நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், இவற்றுள் எது முந்துகின்றதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. "அண்ணை தெரிஞ்ச ஆள், எழுத்தெல்லாம் எதுக்கு" என்று வாய்ப்பேச்சில் காரை விட்டு வருவது எமது வழக்கம். தெரிந்தவராயின் எழுதித் தருவதில் அவருக்கென்ன தடை?

வாங்கத்தான் போகின்றோம் என்போர்க்கு நாம் முன்வைக்கும் யோசனை எளியது. தாய்மார் சீட்டுக் கட்டுவது போல, கார் வாங்க முன்னரே ஆறு மாதங்களுக்கு மாதம் 390 டொலரைத் தனியான ஒரு வங்கிக் கணக்கில் இடட்டும். கார் இன்னும் இல்லை, ஆனால் செலவு தொடங்கிவிட்டது என எண்ணிக்கொள்ளட்டும். ஆறு மாதமும் தவறாது இட முடிந்தால் 2,340 டொலர் சேர்ந்திருக்கும். முதற் பழுதுக்கு அது உதவும். மூன்றாம் மாதத்திலேயே இட முடியாமற் போனால் இழப்பு ஒன்றுமில்லை. பணம் கையிலேயே இருக்கின்றது, கார் விற்பனையாளரிடமே இருக்கின்றது. வாங்குவதற்கு முன் விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் காரைக் காட்டி, அடுத்த இரண்டு வருடத்தில் எவையெவை மாற்ற வேண்டிவரும் என்று எழுதி வாங்க வேண்டும். அதற்கு நூறு, இருநூறு டொலர் கொடுக்கத் தயங்குவது வீண். பெற்றோர் கையொப்பமிடு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.

பிறேக்குக்குப் பணமில்லை என்பதற்காக "இன்னும் ஒரு மாதம் ஓடலாம்" என்று தள்ளிப்போடுவது வேகக் காரில் மிகப் பொல்லாத சிக்கனம். மெதுவாக ஓடும் காரில் தேய்ந்த பிறேக் ஒரு குறை. மூன்று செக்கனுக்குள் அறுபதைத் தொடும் காரில் அது வீதியிற் போகும் பிறருக்கும் ஆபத்து. பேணப் பணமில்லாதபோது அக்காரை ஓட்டாது நிறுத்தி வைப்பதே முறை.

நாம் கூறிய அந்தக் குடும்பத்தில் கார் இன்னும் இருக்கின்றது. விற்றால் கடனும் தீராது என்பதால் வைத்திருக்கின்றனர். மகன் சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போகின்றான். தங்கையின் கட்டணப் பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பற்றுச்சீட்டுகள் இப்போது காருக்குள் மறைந்திருப்பதில்லை. அகதி விண்ணப்பக் கடிதங்களை முப்பது வருடத்துக்கு மேலாகத் தந்தையார் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அதே மேசை லாச்சியில், ஒரு தனிக் கோவையில் அவை கிடக்கின்றன. மாத முடிவில் மூவரும் அதனை எடுத்துப் பார்க்கின்றனர்.